காசு முடிந்த சடை

கரியாலூர் பேருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர எப்படியும் பதினோரு மணி ஆகிவிடும். அதில் வந்து இறங்கியவர்களை எங்கள் ஸ்கேன் சென்டர் வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். மலை வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் இருக்கும். அந்த ஆடி மாதத் தூறலில் ஒரு தாயும் மகளும் அப்படித்தான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் வாய் காய்ந்திருந்தது. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பாக நினைத்தேன். அவள் இரண்டு மாதமாக விடியற்காலையில் எழுந்ததுமே வாந்தி எடுக்கிறவள்.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. ஒன்பது வருடமாக இங்கே சி.டி. ஸ்கேன் எடுக்கிறேன். படங்கள் நெட்டில் சென்னைக்குப் போகும். அங்கே ஒரு டாக்டர் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். அவர் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவள் நான் மட்டும்தான். தலைவலி என்று அழைத்துவரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தலைக்குள் ஒன்றும் இருக்காது. மிஞ்சிப் போனால் மூக்கையொட்டிச் சளி கட்டியிருக்கும். அதனால் எல்லாத் தாய்மாரிடமும், "பயப்படாதீங்க, ஒண்ணும் இருக்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொன்னதும் அவர்கள் முகம் மலரும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். என் வாய் சும்மா இருக்காது.

தாய் பெயர் கொளஞ்சியம்மாள். பிள்ளை அபிநயா, நான்காம் வகுப்பு. கம்மல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். படுக்க வைத்துத் தலையைத் தூக்கும்போது பிடரியில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. சடையின் வேரில் மஞ்சள் துணியில் முடிந்த காசு. விளக்கெண்ணெயும் ஈர மஞ்சளும் கலந்த வாசனை அடித்தது.

அதை அவிழ்க்க வேண்டும் என்றேன். கொளஞ்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோவு போற வரிக்கும் அவுக்கக்கூடாதுங்க. மலைச்சாமிக்கு நேந்து முடிஞ்சது. நோவு போனதும் கொண்டுபோயி உண்டியல்ல போடணும்."

"அவுத்தா சாமி கோச்சுக்கும்க்கா" என்றாள் பிள்ளையும், என்னைத் தேற்றுகிற மாதிரி.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். இவர்களோ மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அப்படியே எடுத்துவிட்டேன். படத்தில் காசு இருந்த இடத்திலிருந்து வெள்ளைக் கோடுகள் நாலாபக்கமும் தெறித்து, தலையின் பின்பாதியில் ஒரு நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தன. உலோகம் இருந்தால் அப்படித்தான் வரும். சிறுமூளை இருக்கும் இடம் முழுக்க அந்த நட்சத்திரம்தான் இருந்தது.

சென்னை டாக்டர் ரிப்போர்ட்டில் தெரிந்தவரை கோளாறு இல்லை என்று எழுதி, பின்பகுதி தெரியவில்லை, உலோகத்தை அகற்றி மறுபடி எடுக்கவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். கொளஞ்சியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வரியை நான் சொல்லவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. சந்தோசமா போங்க" என்றேன்.

அவள் கும்பிட்டாள். பையிலிருந்து ஒரு பாட்டில் மலைத்தேனை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்றாம் நாள் வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பதிவுக்காகப் பழைய படத்தைக் கேட்டு போன் வந்தது. நினைவில்லாமல் கொண்டுவந்தார்களாம். சிறுமூளையில் கட்டியாம், மூளைக்குள் தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டதாம். படத்தை அனுப்பிவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலையிலேயே போய்விட்டது என்றார்கள். அந்தத் தேன் பாட்டிலை நான் இன்னும் திறக்கவில்லை.

மாசி மாதம், நல்ல பட்டப்பகல். மூட்டை தூக்கும் இருசப்பன் தன் மகள் பாரதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆறு வயது. ஒரு மாதமாகத் தலைவலி. போன வாரம்தான் வேண்டுதலுக்கு மொட்டையடித்திருந்தார்கள். தலையில் சந்தனம்கூட இன்னும் சரியாகப் போகவில்லை. காசுமில்லை, கொண்டை ஊசியுமில்லை. நானே நாலு தடவை தடவிப் பார்த்துப் படுக்க வைத்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பட்டனை அழுத்தினேன். ஏசி குளிரில் திடீரென்று ஒரு வாசனை.

விளக்கெண்ணெய். ஈர மஞ்சள்.

திரையில் படம் வந்தது. பாரதியின் மொட்டைத் தலைக்குப் பின்னால், பிடரிக்கு நேராக, வெள்ளை நட்சத்திரம்.

உள்ளே ஓடினேன். தலையணையைப் புரட்டினேன், விரிப்பை உதறினேன். ஒன்றும் இல்லை. மறுபடி எடுத்தேன்.

மறுபடியும் நட்சத்திரம்.

பாரதி அசையாமல் படுத்திருந்தாள். ஆறு வயசுப் பிள்ளை அப்படி அசையாமல் படுத்து நான் பார்த்ததில்லை. குனிந்து, கழுத்துக்குக் கீழே ஏதாவது குத்துகிறதா என்று கேட்டேன்.

"ஒரு அக்கா கைய வெச்சிக்கினு கீது" என்றாள் மெதுவாக. "கை சில்லுனு கீது."

இன்னும் குனிந்து, அவள் காதோரம் கேட்டேன்.

"அந்த அக்கா இன்னா சொல்லுது?"

"ஒயுங்கா பாக்கச் சொல்லு, அப்பறம் அனுப்பச் சொல்லுன்னு சொல்லுது."

சென்னை டாக்டருக்கு போன் போட்டேன். மிஷின் கோளாறு, ஆளைக் கூப்பிட்டுச் சரிபார் என்றார். நான் விடவில்லை. இருசப்பனிடம், பின்னந்தலை சரியாகத் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. அப்படி ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அன்றைக்கு அந்த ஒரு வரியை விழுங்கியிருந்தேன். எம்.ஆர்.ஐ.யில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தெரிந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. பாரதி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

மிஷினைச் சரிபார்க்க வந்தவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆடியில் கொளஞ்சியம்மாள் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். வைவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கெஞ்சுகிற குரலில் பேசினாள். படத்தைப் பிள்ளையோடு வைத்துப் புதைத்துவிட்டார்களாம்.

"அன்னிக்கு எடுத்த படத்த ஒருவாட்டி காட்டுங்கம்மா. ஒண்ணும் இல்லாத எம்புள்ள தலைய நான் பாக்கணும்."

ஏன் என்று கேட்டேன். முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துக் காட்டினாள்.

"நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் பஸ்ஸுலயே அவுத்துட்டேங்க. நோவுதான் போயிடுச்சேன்னு. அப்பறந்தான் கட்டி வந்துச்சு. அவசரப்பட்டு அவுத்தது நானு. வூட்டுக்காரர் எங்கூட பேசறதே இல்ல. உண்டியல்ல போடவும் கை வரல."

ஒரு வருடமாக என் தப்பை அவள் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். படத்தையாவது காட்டுவோம் என்று கோப்பைத் திறந்தேன்.

அபிநயா. வயது ஒன்பது. அதே தேதி, அதே நேரம்.

நட்சத்திரம் இல்லை.

ஒரு கோடுகூட இல்லை. படம் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. சிறுமூளையின் நடுவில் எலுமிச்சம்பழம் போல அந்தக் கட்டி இருந்தது.

கொளஞ்சியம்மாள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். விரலைச் சரியாக அதன்மேல் வைத்தாள்.

"இது இன்னாங்க?"

இனி மறைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அதாங்க கட்டி. அன்னிக்கே இருந்துச்சு. காசு மறைச்சிடுச்சு. மறுபடி எடுக்கணும்னு டாக்டர் எழுதியிருந்தாரு. நாந்தான் உங்களுக்குச் சொல்லல. நீங்க அவுத்ததால ஒண்ணும் ஆவல. தப்பு என்னுது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெகுநேரம் அந்தப் படத்தையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று தலையை நிமிர்த்தி மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் அடித்தது. அந்த வாசனை.

நான் பாரதியைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து ஸ்கேன் அறைக்குள் போனாள். யாரும் இல்லாத படுக்கையின் தலைமாட்டில் கையை வைத்தாள்.

"அபி, இந்தக் குளுருல இன்னாத்துக்குடி படுத்துக்கினு கீற? வா, வூட்டுக்குப் போலாம்."

வெளியே போகும்போது அவளுடைய இடது கை உடம்பிலிருந்து சற்று விலகி, எதையோ பிடித்திருப்பது போல மடங்கியிருந்தது. பேருந்து நிலையம் வரை பின்னாலேயே போனேன். ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பியது. அறைக்குத் திரும்பியபோது வாசனை இல்லை. முடிந்தது என்று நினைத்து வாய்விட்டு அழுதேன்.

நாலாம் நாள் சங்கராபுரம் பக்கத்திலிருந்து நிர்மலா என்று ஒரு பெண் தன் ஐந்து வயது மகளைக் கூட்டிவந்தாள். தலைவலி. காலையில் வாந்தி.

"ஒண்ணும் இருக்காது இல்லங்க?" என்று என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். பிள்ளையின் கிராப்புத் தலையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. படுக்க வைத்துவிட்டு வந்து பட்டனை அழுத்தினேன். துறுதுறுவென்று காலாட்டிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கியது.

விளக்கெண்ணெய் வாசனை வந்தது.

திரையில், பிடரிக்கு நேராக, வெள்ளை வெடித்தது.

அபிநயா வீட்டுக்குப் போகவில்லை.