கேட்பதற்கு முன் வந்த ‘ம்’

முதலில் நின்றது நாற்றம்தான்.

ஊர்க் கழிவெல்லாம் வந்து விழுகிற கிணற்றின் வாயில் நாற்றம் இல்லாமல் போகுமா? கடலோரத்துக் கழிவுநீர் நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து பம்ப்காரரின் சட்டையிலும் தலையணையிலும் குடியிருந்த நாற்றம் அது. சாயங்கால மூடுபனி கடலிலிருந்து ஈரத்துணி மாதிரி வந்து தொட்டிகளின் மேல் படிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் எப்போதும்போல் முனகிக்கொண்டிருந்தது. மூக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்றுதான் அவருக்குத் தோன்றியது.

கிணற்றுக்குள் மச்சினன் இருந்தான். மனைவியின் ஒரே தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். பம்பின் வாயில் துணி சிக்கி, பள்ளத்துத் தெருக்களில் கழிவு வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. யாரையாவது இறக்கி எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் மேல் போன். தம்பியை ஒருநாளும் இறக்கமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் பண்ணியிருந்தார். ஆனால் அவர் முழங்கால் தேய்ந்து படியிறங்குகிற நிலையில் இல்லை. அவனே கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“அக்காகிட்ட வாயத் தொறந்துராதீங்க மாமா. அப்புறம் ரெண்டு பேருக்கும் வாசல்லதான் படுக்கை” என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

கிணற்று வேலைக்கென்று ஒரு முறை உண்டு. மேலே நிற்பவன் “இருக்கியா” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவன் ‘ம்’ என்றால் போதும். பேசி மூச்சை வீணாக்கக் கூடாது. அந்த ‘ம்’ வந்துகொண்டிருக்கும்வரை பதற வேண்டியதில்லை.

வந்துகொண்டுதான் இருந்தது. அலைக்கும் அலைக்கும் நடுவே, வழவழத்த சுவரில் உரசிக்கொண்டு, கொஞ்சம் கரகரப்பாக. கேட்டு முடிப்பதற்குள் வந்தது. பிறகு கேட்பதற்கு முன்பே வந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்றம் எங்கேயும் போகவில்லை. மூக்குதான் செத்திருக்கிறது. விஷவாயு கூடினால் முதல் காவு மூக்குதான். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அவரே சொல்லிக்கொடுப்பது. அதை மறந்து அப்பாடா என்று நின்றிருக்கிறார்.

“மேல வாடா மாப்ள. துணியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

“ம்.”

படியில் காலடி கேட்கவில்லை. கப்பியில் கிடந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். பாறையைக் கட்டியதுபோல் கனத்தது. உள்ளங்கை உரிந்தது. தொண்டை எரிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கீழேயிருந்து ‘ம்’, ‘ம்’ என்று, பிள்ளை கதை கேட்கிற மாதிரி. உயிர் இருக்கிறது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

தலை வந்தது. தோளை வாரிப் பிடித்து, பம்ப் அறைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார். வாய் திறந்திருந்தது. உள்ளே சேறு. விரலை விட்டுத் தோண்டினார். தோண்டத் தோண்ட வந்தது. தொண்டை வரை அடைத்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. இப்போது சில்லிட்டது இல்லை. வெகுநேரம் ஆகியிருக்கும்.

“ம்” என்றது கிணறு.

கம்பிக் கதவு கிறீச்சிட்டது. மனைவி. இருவரையும் காணோமே என்று தேடி வந்திருக்கிறாள். பனியில் அவளுக்கு இவர்கள் தெரியவில்லை. திறந்து கிடந்த கிணறுதான் தெரிந்தது. ஓடிப்போய் மண்டியிட்டாள்.

“தம்பி, உள்ளயா இருக்க?”

அவர் கத்தினார். வெந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. எழுந்தார். விழுந்தார். தவழ்ந்தார். கை நீட்டினால் தரைதான்.

கீழேயிருந்து முதல்முறையாகப் பேச்சு வந்தது. மச்சினனின் குரலேதான்.

“அக்கா, கை குடு.”

போன உயிர் அவள் முகத்தில் திரும்பி வந்தது. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். பிடி கிடைத்துவிட்டது. உடம்பைப் பின்னால் சாய்த்துத் தம் பிடித்தாள்.

“நான் இருக்கேன்டா. விட்டுராத.”

விளிம்புக்கு மேல் விரல்கள் வந்தன. அவள் மணிக்கட்டில் தொடங்கி முழங்கையைச் சுற்றி, அதற்கு மேலும் போயிருந்தன. அவள் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, இழுத்துக்கொண்டே இருந்தாள்.