சுண்ணாம்பு பட்ட முட்டைகள்

“ஐயோ... நிறுத்துங்க!”

சுண்ணாம்புத் தூள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான் சிங்காரவேல். டவுன்ஷிப் மைதானத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தாள் பள்ளிக்கூடத்துச் சயின்ஸ் டீச்சர் அம்சவல்லி. அப்பப்பா... அந்தப் பெரிய கண்களில்தான் எவ்வளவு கோபம்!

“நாளைக்கு மந்திரியோட ஹெலிகாப்டர் எறங்குதுங்க. அதுக்கு ‘எச்’ போட்டுகினு இருக்கேன், தள்ளுங்க.”

“கீழே பார்த்துப் போடக்கூடாதா?”

பார்த்தான். கோட்டின் நடுவே வெள்ளை பூசிக்கொண்டு நான்கு முட்டைகள். தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கதறிக்கொண்டிருந்தன.

“கூழாங்கல்லுன்னு நெனைச்சிகினு தூவிட்டேங்க...”

அவள் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கோபம் போய், கண்களில் நீர் கோத்திருந்தது. “முட்டையை நகர்த்தினா தாய் தேடி வராது. உங்க கோட்டை நகர்த்துங்க.”

“அதை நகத்துனா என்னை நகத்திடுவாங்க! நான் கான்ட்ராக்ட் ஆளு. அடுத்த மாசம் பர்மனென்ட் ஆவணும்.”

அதற்குமேல் எப்படிக் கேட்பது? தலைகுனிந்து போய்விட்டாள்.

மறுநாள் ஹெலிகாப்டர் மைதானத்தின் கடைக்கோடியில் இறங்கியது. அங்கேதான் ‘எச்’ இருந்தது! வேகாத வெயிலில் மந்திரி பந்தல்வரை நடந்தார். கூடு தப்பியது. சிங்காரவேலுக்குப் பர்மனென்ட் சிபாரிசு கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

என்னால்தானே... என்று அம்சவல்லி மருகினாள். தினமும் கூட்டைப் பார்க்கப் போனாள். அவன்தான் வரவேயில்லை. எதிரே அவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டான். அவள் மைன்ஸ் போர்மேன் பரமசிவத்தின் மகள்; அவளிடம் வேலை நிலைக்காதவனுக்கு என்ன பேச்சு என்ற ரோஷம்!

ஒரு மழை மாலையில், மைன்ஸ் வாசலில் அவன் சைக்கிளை மறித்து நின்றாள்.

“குஞ்சு பொரிஞ்சிடுச்சு. பார்க்க வரமாட்டீங்களா?”

“எனக்கெதுக்குங்க... உங்கப்பா பர்மனென்ட் மாப்பிள்ளையா தேடிகினு இருக்காராமே.”

“ஆமா. வேண்டாம்னுட்டேன்... உங்களைச் சொன்னேன்.”

சைக்கிள் கையிலிருந்து நழுவிச் சாய்ந்தது.

“அவரு என்ன சொன்னாரு?”

“ரெண்டு நாள் என்கூடப் பேசலை. இன்னிக்குக் காலையில, ‘குஞ்சு பொரிஞ்சுதாம்மா?’ன்னு கேட்டார்.”

அவள் இமைகளில் மழை சொட்டியது. கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டாள்.

“அன்னிக்குக் குருவிக்காகத்தானே கோட்டை அழிச்சீங்க?”

அவன் செருப்பைப் பார்த்தான்.

“பொய் சொல்ல வரலீங்க... குருவி கத்துனது அப்புறமாதான் காதுல வுழுந்துது. மொதல்ல நீங்க அழுதீங்க.”