பத்தொன்பதாம் தேதியின் தாள்

திங்கட்கிழமை, காலை 10.20.

நகராட்சி ஆவண அறை எழுத்தர் கூச்சல் போட்டு அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"தாளைக் காணோம்! யாரோ வெட்டி எடுத்திருக்காங்க!"

மேஜை மேல் இடுகாட்டுப் பதிவேடு விரிந்து கிடந்தது. விஷக்காய்ச்சல் பரவிய வருடத்துத் தொகுதி; வயது நாற்பத்தேழு. பதினெட்டாம் தேதி முடிகிற பக்கத்தை அடுத்து இருபத்திரண்டாம் தேதி வந்தது. நடுவில் விரல்கடை அகலத்தில் ஒரு காகித விளிம்பு மட்டும் நின்றது. பிளேடால் வெட்டிய நேர்கோடு.

எதிரே நின்றவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். தங்கைக்கு ஐம்பத்தாறு வயது, பள்ளிச் சீருடை தைப்பவள். அண்ணனுக்கு அறுபத்து நான்கு, லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். இருவரும் வந்தது அப்பாவின் பதிவைத் தேடி. பழைய பேட்டையின் இடுகாட்டைத் தோண்டிவிட்டு அங்கே கழிவுநீர் பம்பு நிலையம் கட்டப்போகிறார்கள். பதிவேட்டில் பெயர் காட்டி, உறவைச் சொல்லி, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பித்தால் எலும்புகள் புது இடுகாட்டுக்குப் பெயரோடு போகும். மற்றவை எல்லாம் ஒரே பொதுக் குழிக்கு. செத்தவர்களுக்கும் கடைசித் தேதி வைத்துவிட்டார்கள்.

அம்மா சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அப்பா பக்கத்தில் படுக்க வேண்டும். படுத்தும் ஆயிற்று. அவர்களைப் பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும், தங்கைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலை 11.45.

ஒரு காகிதத்துக்காக ஜீப் தர முடியாது என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டதால் சப்-இன்ஸ்பெக்டர் நடந்தே வந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி இருந்த பெண்மணி. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் சல்லடை. அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எல்லாத் தாளும் கடைசியா எப்ப இருந்துச்சு?"

"போன திங்கக்கிழமை நானே எண்ணினேன் மேடம். சரியா இருந்துச்சு," என்றார் எழுத்தர்.

"அப்புறம் யார் யார் தொட்டாங்க?"

வருகைப் பதிவில் மூன்றே வரிகள். புதன் காலை, பம்பு நிலையக் காண்ட்ராக்டரின் மேஸ்திரி. புதன் மாலை, பேட்டையின் வரலாறு எழுதுகிற வாத்தியார். வியாழன், இந்த அண்ணன் தங்கை.

"வியாழக்கிழமை என்ன நடந்துச்சு?"

"இவங்கப்பா ஆஸ்பத்திரியில இறந்தது அதே மாசம் ரெண்டாம் தேதி. அடக்கம் மூணாம் தேதின்னாங்க. பேர் கட்டத்துல விரலை வச்சு ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஓட்டினேன். பேர் இல்லை. அந்தம்மா அடையாள அட்டை நகல் எடுக்கக் கீழ போனாங்க. எனக்கு போன் வந்துச்சு, வெளிய போய்ப் பேசினேன். திங்கக்கிழமை வாங்க, இன்னும் தேடுவோம்னு அனுப்பிட்டேன்."

"பிளேடு?"

"என் மேஜையிலயே கிடக்கும். பென்சில் சீவறதுக்கு."

சல்லடை தங்கை பக்கம் திரும்பினார். "அப்பா குழிக்கு எண் இருக்காம்மா?"

"தகட்டுல இருக்கு மேடம். அப்பா நானூத்திப் பன்னெண்டு, அம்மா நானூத்திப் பதிமூணு. அண்ணா முதல் சம்பளத்துல அப்பாவுக்குக் கல்லு வச்சாரு."

"வெட்டினது பத்தொன்பதாம் தேதித் தாள் மேடம்," என்று எழுத்தர் குறுக்கிட்டார். "இவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"சம்பந்தமே இல்லைங்க," என்றார் அண்ணன்.

பிற்பகல் 3.10. இடுகாடு.

மேஸ்திரி வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உரிமை கேக்கறவங்க குறைஞ்சா உங்களுக்கு வேலை மிச்சம், இல்லையா?"

"மிச்சம்தான். ஆனா ஒரு தாளை வெட்டி எனக்கு என்னங்க ஆகப்போகுது? கடலைக் கரண்டியால இறைக்கிற மாதிரி. நான் திருடினா மொத்தப் புத்தகத்தையும் தூக்கியிருப்பேன்."

நியாயமான பேச்சு. திருட்டு விஷயத்தில் மனிதர் தெளிவாக இருந்தார்.

மாலை 5.30. வாத்தியார் வீடு.

"எனக்குப் பெரிய மனுஷங்க பதிவு மட்டும் போதும். அந்தப் பத்தொன்பது, இருபதுல ஒரு பெரிய மனுஷனும் சாகலை. அதைத் தொடக்கூட இல்லை."

எடுத்த படங்களையெல்லாம் காட்டினார். எல்லாம் பெரிய மனிதர்கள். செத்த பிறகும் அவர்களுக்கு வரிசையில் முதலிடம்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.15.

அரை மணி நேரம் பதிவேட்டோடு தனியாக உட்கார்ந்துவிட்டு, சல்லடை எழுத்தரையும் அண்ணன் தங்கையையும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை.

"மேஸ்திரிக்கு ஒரு தாள் போதாது. வாத்தியாருக்கு அந்தத் தாளே வேண்டாம். வெட்டினவருக்கு ஒரே ஒரு வரிதான் மறையணும். யாரோட வரி?" எழுத்தரைப் பார்த்தார். "நீங்க எல்லாரும் பேரைத் தேடினீங்க. நான் எண்ணைத் தேடினேன். மூணாம் தேதிப் பக்கத்துல, ஓரக் கட்டத்தைப் படிங்க."

எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நானூத்திப் பன்னெண்டு. வயசு முப்பத்தொண்ணு. தொழில், பூட்டு ரிப்பேர்..." நிறுத்திவிட்டார்.

"எங்கப்பா அச்சாபீஸ்ல எழுத்துக் கோர்க்கறவரு," என்றாள் தங்கை. "வயசு நாப்பத்தி மூணு."

"தெரியும்மா. அந்தக் கல்லுக்குக் கீழ இருக்கறது உங்கப்பா இல்லை."

சல்லடை பதிவேட்டைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்பாவை அடக்கம் பண்ணினதை நீங்க பார்த்தீங்களா?"

"எனக்கு ஒம்போது வயசு. அம்மாவுக்கும் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியலை. அண்ணாதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அண்ணாதான் அப்புறம் எங்களைக் கூட்டிட்டுப் போய்..." அவளும் நிறுத்திவிட்டாள்.

"அண்ணன்தான் இடத்தைக் காட்டினாரு. அந்தப் பேச்சை நம்பித்தான் வீட்டுல எல்லாருக்கும் மூணாம் தேதி. பத்தொன்பதாம் தேதித் தாள் உங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு நேத்து நாம எல்லாரும் தள்ளி வச்சது அதனாலதான். ஆனா அப்பா மூணாம் தேதி மண்ணுக்குள்ள போகலைன்னு தெரிஞ்ச ஒருத்தர் மட்டும்தான் அஞ்சோட நிறுத்தாம மேல புரட்டியிருப்பாரு. நீங்க நகல் எடுக்கப் போன நேரத்துல இந்தப் புத்தகத்தோட உட்கார்ந்திருந்தது அவர்தான். தாளை வெட்டினது உங்க அண்ணன்."

அண்ணன் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேருந்துப் பாஸ் உறையை எடுத்து, அதற்குள் எட்டாக மடித்திருந்த தாளை மேஜையில் வைத்தார்.

"எரிச்சிருக்கலாமே?" என்றார் சல்லடை.

"அப்பா பேரு இருக்கு மேடம். எப்படி எரிக்கிறது?"

தங்கை பிரித்தாள். பத்தொன்பதாம் தேதி. அப்பாவின் பெயர். குறிப்பு: உரிமை கோரப்படாத உடல். வடக்கு மதிலோரம். எண் இல்லை.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன் பாப்பா," என்றார் அண்ணன். "உள்ள வரிசையாப் போட்டு வச்சிருந்தாங்க. துணியை விலக்கி, மூஞ்சியைப் பார்த்து, இவருதான்னு சொல்லணும்னாங்க. தொட்டா ஒட்டிக்கும்னு வேற பயம். பதினேழு வயசு. ஓடி வந்துட்டேன். அம்மா கேட்டா. ஆஸ்பத்திரிக்காரங்களே புதைச்சுட்டாங்கன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டா. இடுகாட்டுக்குப் போனேன். புது மண்ணு நிறைய இருந்துச்சு. யாரும் நின்னு அழாத மேடு ஒண்ணு இருந்துச்சு. அதைக் காட்டிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு மனிதனையே மறைத்துவிட்டார்; நாற்பத்தேழு வருடம் அது மறைந்தும் இருந்தது.

"அப்பா எப்ப மண்ணுக்குள்ள போனாருன்னு எனக்கும் வியாழக்கிழமைதான் தெரியும். பதினேழு நாள் வச்சிருந்திருக்காங்க, பாப்பா. யாராவது வருவாங்கன்னு."

தங்கை அவரைப் பார்க்கவில்லை. "வடக்கு மதிலோரம்னா, தோண்டி எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டாள்.

சல்லடைக்குப் பதில் தெரியும். நேற்றே மேஸ்திரியின் வரைபடத்தில் அளந்து பார்த்திருந்தார். இருபது வருடத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது வடக்கு மதிலை நாற்பதடி உள்ளே தள்ளிவிட்டார்கள். எண் இல்லாத உடல்களைப் பற்றி அப்போது கேட்க யாரும் இல்லை. மண்ணை அள்ளி லாரியில் எங்கோ கொட்டினார்கள். எங்கே என்று ஒரு காகிதத்திலும் இல்லை.

"இப்ப அங்க பஸ் ஸ்டாப் இருக்கும்மா."

"நாங்க வந்து இறங்கினது அங்கதான்," என்றாள் தங்கை.

சல்லடை வழக்கு எழுதவில்லை. தாள் கிடைத்துவிட்டது என்று எழுத்தரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்குத் துளிகூட இல்லை. கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

புதன்கிழமை, மாலை 4.40.

விண்ணப்பம் வாங்கும் ஜன்னல். தங்கை இரண்டு தாள்களை நீட்டினாள். எழுத்தர் முதலாவதைப் பார்த்தார். எண் 413, உறவு: தாய். முத்திரை விழுந்தது.

இரண்டாவது 412. பெயர், பூட்டு ரிப்பேர்க்காரருடையது. உறவு என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: அம்மாவுக்கு வேண்டியவர்.

"அம்மா, அப்படி ஒரு உறவு பட்டியல்ல இல்லீங்களே."

"எங்கம்மா முப்பது வருஷம் அவர்கிட்டதான் அழுதாங்க. வீட்டு விஷயம் அத்தனையும் அவர்கிட்டதான் சொன்னாங்க. என் கல்யாணத்தைக்கூட. வேற என்னன்னு எழுதறது?"

எழுத்தர் நல்ல மனிதர். ஜன்னலுக்கு வெளியே நின்ற சல்லடையைப் பார்த்தார்.

"அவரோட ஆளுங்க யாரும் வரலியா?" என்று தங்கை கேட்டாள்.

"வரலைம்மா," என்றார் சல்லடை. "என்னைக்காவது வந்திருந்தாலும், கல்லுல வேற பேரைப் பார்த்துட்டுத் திரும்பியிருப்பாங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"ரத்த உறவு இல்லைன்னா பொதுக் குழிதாங்க," என்றார் எழுத்தர். "மேலிடத்து உத்தரவு. அம்மாவுக்காவது தனி இடம், பேரோட கிடைச்சிருக்கு. எடுத்துக்குங்க."

தங்கை அண்ணாந்து பார்த்தாள். கடிகாரத்தில் 4.52. பிறகு ஜன்னலுக்குள் கைவிட்டு, முத்திரை விழுந்த தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அம்மாவையும் பொதுக் குழியிலேயே போட்டுடுங்க."

"அம்மா, பேர்கூட மிஞ்சாதும்மா!"

"பரவாயில்லைங்க."

ஐந்து மணிக்கு ஜன்னல் மூடியது. வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அவள் அவரிடம் பேசவில்லை. எழுந்து நின்று, பயந்து பயந்து கேட்டார்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு, பாப்பா?"

"நீ காட்டின ஆளோடவே போறாங்க," என்றாள் தங்கை.