கத்தரிக்கு வராத கார்டு

காலை எட்டரைக்கே மேனேஜர் சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலை வைத்துவிட்டார். பக்கத்தில் கூட்டக் குறிப்பு நோட்டு, இரண்டு பேனா, ஒரு வெறும் தட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் விழவேண்டியது பலகாரம் அல்ல, கிரெடிட் கார்டுத் துண்டுகள்.

வீட்டில் மொத்தமே ஐந்து பேர். ஐந்து பேருக்கு எதற்குக் கூட்டம், எதற்குக் குறிப்பு என்று யாரும் கேட்டதில்லை. மேனேஜர் முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தவர். எந்த இருக்கையில் இருந்தார் என்றும் யாரும் கேட்டதில்லை. படிவக் கட்டுகளும் மைப்பெட்டிகளும் அடுக்கிய சாமான் அறையில் இருந்தார். ஓய்வு பெற்ற மறுநாளே பெற்ற தாய் அவரை 'மேனேஜர்' என்று கூப்பிட, தம்பியும் தெருவும் அதையே பிடித்துக்கொண்டன. ஆள் தனிக்கட்டை. நிர்வாகம் செய்யத் தம்பி குடும்பம்தான் கைவசம் இருந்தது.

தம்பி மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டிப் பிரேமில் பொருத்துகிறவள். கணவனின் செல்போன் உறைக் கடை படுத்தபோது அவன் பேரில் மூன்று கார்டும் அவள் பேரில் இரண்டும் கழுத்துவரை நிரம்பி, தவணை தவறி, இருவர் பெயரும் வங்கிகளில் கெட்டுப்போயிற்று. நான்கு வருடம் அடைத்தாள்; முதலில் தன் கார்டுகளை, பிறகு அவனுடையவற்றை. பகலில் கடை, சாயங்காலத்தில் வேறு இரண்டு கடைகளுக்குக் கூலிக்கு லென்ஸ். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவள் தன் கண்ணாடியின் ஒடிந்த காதை நூலால் கட்டிக்கொண்டு திரிந்தாள். போன மாதம் கடைசிப் பாக்கியும் தீர்ந்தது.

தீர்ந்த மறுவாரம் மேனேஜருக்கு மசாஜ் நாற்காலி வந்தது. கார்டு என்பதையே கொள்கையளவில் எதிர்ப்பவர் என்பதால், அதைத் தம்பியின் கார்டில் வாங்கியிருந்தார். விலை அறுபதாயிரம்.

இப்போது அதில் சாய்ந்தபடி கூட்டத்தைத் தொடங்கினார். தம்பி பெண்ணுக்குப் பிசியோதெரபி படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்க வேண்டும். வங்கிக்குச் சுத்தமான கையோடு போக வேண்டுமானால் தீர்ந்த கார்டுகளை எல்லாம் மூட வேண்டும். மூடச் சொல்லும் கடிதங்களை அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாற்காலி இருக்கும் கார்டு மட்டும், தவணை முடியும்வரை, விதிவிலக்கு.

இத்தனை வருடத்தில் மேனேஜர் நீட்டிய நோட்டில் தம்பி மனைவி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதே இல்லை. அன்று பேனாவைத் தொடவில்லை.

"என் பழைய கார்டை விட்டுடுங்க, மாமா. வருஷக் கட்டணம் கேட்ட இன்னொண்ணை நானே மூடிட்டேன். இது பத்து வருஷத்துக் கார்டு, கட்டணம் கிடையாது. இவரோட ரெண்டையும்கூட லோன் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

காரணமும் சொன்னாள். கடைக்கு வரும் வங்கிக் கடன் பிரிவு அதிகாரி அம்மா ஒருத்தி, தன் பிரேமுக்குத் திருகாணி மாற்றும்வரை உட்கார்ந்து விளக்கியிருந்தாள். எல்லாக் கார்டிலும் சேர்த்து எவ்வளவு கடன் வாங்கலாம், அதில் எவ்வளவு வாங்கியிருக்கிறோம் என்று வங்கி பார்க்கும். காலிக் கார்டை மூடினால் முதல் கணக்கு சுருங்கும். இருக்கிற கடன் பூதமாகத் தெரியும்.

"திருகாணி முடுக்கின இடத்துல பாங்கிங் படிச்சுட்டு வந்திருக்கா," என்றார் மேனேஜர். "குடியை விட்டவன் வீட்டுல பாட்டில் வச்சிருப்பானா?"

"தண்ணிக் குடத்தையும் சேர்த்து உடைப்பாங்களா, மாமா?"

கணவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான், ஒரு நிமிடம் அண்ணனைப் பார்த்தான். பிறகு கத்தரியை எடுத்தான். அவனுடைய இரண்டு கார்டுகளும் தட்டில் விழுந்தன. நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது: 'தம்பி மனைவி கையெழுத்திட மறுத்தார்.'

அதன் பிறகுதான் வீடு இருண்டது. காலிப் பாத்திரத்தை எவளாவது கட்டிக்கொண்டு அழுவாளா என்று மேனேஜர் யோசித்தார். யோசித்ததைச் சத்தமாக யோசித்தார். மாதாமாதம் ஐந்தாம் தேதி அவள் போனில் பணம் கட்டியதாக ஒரு செய்தி வருவதை மாமியார் பார்த்திருந்தாள். இரண்டும் இரண்டும் சேர்ந்து ஐந்தாயிற்று: கஷ்டப்படும் தன் அக்காவுக்குக் கள்ளத்தனமாகக் கொட்டுகிறாள்.

"என் பெரியவன் மாசாமாசம் எனக்கு பிரஷர் மாத்திரை வாங்கித் தர்றான்," என்றாள் மாமியார், பாத்திரம் தேய்க்கும் முதுகைப் பார்த்து. "இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். நீ உன் பிறந்த வீட்டுக்கே கொட்டும்மா... யாரு கேக்கப் போறா."

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

கணவன் பேச்சை நிறுத்தினான். நேருக்கு நேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "அம்மாகிட்ட சொல்லு, உப்பு தூக்கல்னு," என்று மகளிடம் சொல்வான். மகள் இரண்டு அடி தள்ளியிருந்த தாயைப் பார்ப்பாள். தாய் தட்டைப் பார்ப்பாள். ஏழு வாரம் இப்படியே போயிற்று.

எட்டாவது வாரம் இருவரும் வங்கிக்குப் போனார்கள், பேருந்தில் தனித்தனி இருக்கையில். கடன் பிரிவில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துல உங்க கிரெடிட் ஸ்கோர் நல்லா இறங்கியிருக்கே, சார். மூணு லட்சம் லிமிட்ல அறுபதாயிரம் கடன்னா பெரிசில்ல. ரெண்டை மூடிட்டீங்க. ஒரே லட்சத்துல அறுபதுன்னா கைக்கும் வாய்க்கும்னு தெரியுது. என்ன செலவு அது?"

கணவன் தரையைப் பார்த்து, "நாற்காலி," என்றான்.

இளைஞர் மறுபடி திரைக்குத் திரும்பினார். அவன் கையெழுத்து இப்போதைக்கு உதவாது என்றார். அம்மா பேர் நன்றாக இருக்கிறது, அவர் பேரில் மட்டும் தரலாம். முழுத் தொகை வராது, வட்டியும் சற்றுக் கூடும். அவருடைய கார்டின் ஆறு மாதக் கணக்கை நாளை காலை கொண்டுவந்தால் போதும்.

சாயங்காலம் அவசரக் கூட்டம். ஸ்கோர் இறங்கியதற்கு வங்கியின் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று மேனேஜர் தீர்ப்பளித்தார். வீட்டை விட்டு வெளியே போகும் எந்தக் காகிதமும் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும் என்ற விதியையும் நினைவூட்டினார். அப்படி ஒரு விதி இருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"வேண்டாம், மாமா," என்றாள் அவள். "பாங்குல கேட்டது. அங்கேயே குடுத்துடலாம்."

"ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றான் கணவன்.

ஏழு வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவள் கவரை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, சாமான் அறையில் ஒருநாளும் வாய்க்காத குரலில் ஆரம்பித்தார். "நான்காம் தேதி, மருந்துக் கடை. ஐந்தாம் தேதி, முழுத் தொகையும் செலுத்தப்பட்டது." அடுத்த மாதத்துக்குப் போனார். "நான்காம் தேதி, மருந்துக் கடை. ஐந்தாம் தேதி..." மூன்றாவது மாதத்தில் குரல் இறங்கி, நின்றது.

"அப்புறம்?" என்றாள் மாமியார்.

"அவ்வளவுதாம்மா. மத்ததும் இதே மாதிரிதான்."

பேத்தி காகிதத்தை அவர் கையிலிருந்து எடுத்து மிச்சத்தைப் படித்தாள். நான்காம் தேதி, மருந்துக் கடை. நான்காம் தேதி, மருந்துக் கடை. அக்கா பேரில் ஒரு காசு இல்லை.

"நாலாம் தேதிதானே என் மாத்திரை வரும்?" கிழவி மெதுவாகப் பெரிய மகன் பக்கம் திரும்பினாள்.

"நான் வாங்கினேன்னு என்னிக்காவது சொல்லியிருக்கேனா?" என்றார் மேனேஜர். அது உண்மைதான். கடைப் பையன் கொண்டுவரும் பொட்டலத்தை வாசலில் வாங்கி, "இந்தாம்மா, உன் மாத்திரை," என்று கையில் கொடுப்பதோடு சரி.

நாற்காலி அவர் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று அவருக்குத் தட்டுப்படவில்லை.

"ஏன்டி சொல்லல?" கிழவியின் குரல் உடைந்தது.

"நீங்க பெருமையா சொல்லிட்டிருந்தீங்க, அத்தை. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு..."

கணவன் எழுந்து அவள் அருகே வந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவனின் கண்கள் முந்திக்கொண்டன. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் காகிதங்களைக் கவருக்குள் போட்டாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள். "நீங்களும் வாங்க. கையெழுத்து வேண்டாம், கூட இருந்தா போதும்."

மறுநாள் முப்பத்தெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் போட்டாள். கடனில் குறைந்த தொகையை ஈடுகட்டச் சாயங்காலக் கூலி வேலையை மறுபடி கேட்டுவிட்டு வீடு திரும்பியபோது மணி மூன்று. அடுப்பங்கரையில் மாமியார் அவளுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். இருபது வருடத்தில் அது முதல் தடவை.

தட்டைக் கையில் வாங்கியதும் அவளுக்கு அழுகை வந்தது. ஏழு வாரமும் வராத அழுகை, நின்ற இடத்தில் குலுங்கிக் குலுங்கி வந்தது. கிழவி தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம்தான் சரியாயிடுச்சே. பாங்குக்காரனே உன் பேரை நம்பிக் குடுத்துட்டான். இப்பப் போய் ஏன் அழற?"

"எட்டு வருஷம் கட்டணும், அத்தை," என்றாள் அவள்.

கிழவி தன் வயதோடு எட்டைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். அணைத்திருந்த கைகள் மெல்ல இறுகின.