கொட்டகையில் ஏழு கடல்நாய்கள்

கொட்டகையில் யாரோ இருமினார்கள். மூன்று குட்டை இருமல், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. கடல்நாய்களின் நோயை ஆராயும் ரன்வா கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். அண்ணன் ஹானுஸ் எதிரில்தான் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பலகை இடுக்குகளில் காற்று புகுந்து புறப்பட்டு இறைச்சியை உலர்த்துவதற்கென்றே கட்டிய கொட்டகை, அது சத்தம் போடத்தான் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. பரோயே தீவுகளின் டிசம்பருக்கு வெளிச்சம் கொடுக்க மனசு வராது. ஐந்து நாளாகப் புயல்; படகில்லை, ஹெலிகாப்டரில்லை. இந்தக் குட்டித் தீவின் எட்டு வீடுகளிலும் இருப்பது ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள்.

பரிசோதனை முடிவுகள் திரையில் வந்திருந்தன. குகையில் இருமி இருமிச் செத்த ஏழு கடல்நாய்களுக்கும் நோயை எதிர்க்கும் மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றே. ஏழு வீட்டுக்கும் ஒரே பூட்டு. நோய்க்கு ஒரு சாவி போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க, புயலுக்கு முன்பே ஊராரின் ரத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாள். கீழே அந்த வரிசைகள். அண்ணன், அண்ணி, எல்லாரும்.

அதே பூட்டு.

ரன்வா திரையிலிருந்து அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த ஏழும் படகுத்துறை ஃப்ரீசர்லதானே இருக்கு?"

"ஃப்ரீசர் திங்கக்கிழமையே செத்துப்போச்சு. கொட்டகையில தொங்கவிட்டிருக்கேன்."

"நம்ம ஆட்டுத்தொடை தொங்குற கொட்டகையிலயா?"

"வேற மாளிகையா கட்டி வச்சிருக்கேன்? காத்துக்கு ஆடு என்ன, கடல்நாய் என்ன!" அவன் சிரித்தான். "முதல் தொடைய நேத்தே வெட்டி எட்டு வீட்டுக்கும் குடுத்தாச்சு. நீயும்தான் மூணு துண்டு முழுங்கின."

உலர்ந்த கறியை அடுப்பில் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. சீவி, அப்படியே தின்பார்கள்.

"உன் குழந்தைக்கு?"

"துரிட்டுக்கு ரெண்டு மாசம்டி. அவளுக்கேது பல்லு? அவ அம்மாதான் ஆசையா..."

பேச்சு நின்றது. ஹானுஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மூன்று குட்டை. ஒரு இழுப்பு.

ரன்வா கதவுக்கு ஓடினாள். தோள் கொடுத்துத் தள்ளினாள். வெளியிலிருந்து புயல் தள்ளியது. கதவு விரலளவு திறந்து மறுபடி சாத்திக்கொண்டது. அந்த ஒரு விரல் இடைவெளியில் உப்பும் கொழுப்பும் கலந்த வாடை. கூடவே சத்தம். பக்கத்து வீட்டில். அதற்கடுத்த வீட்டில். சரிவின் கடைசி விளக்கு வரைக்கும்.

மூன்று குட்டை. ஒரு இழுப்பு.

எல்லாம் ஒரே தாளத்தில்.

அவள் தொண்டையிலும் ஏதோ அரித்தது. இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். துரிட்டாவது தப்பட்டும் என்று வேண்டியபடி உள்ளறைப் பக்கம் காதைத் தீட்டினாள்.

உள்ளறையில் அமைதி.

பிறகு தொட்டில் அசைந்தது. மிகச் சின்னதாக மூன்று. ஒரு இழுப்பு.

கொட்டகைக்குள், கொக்கிகளில் தொங்கிய ஏழும் அதற்குப் பதில் இருமின.