ஒழுங்காக இருந்த ஒரே வரி

ஏழாம் அறைக் கட்டிலில் பிணம்!

ஆஸ்பத்திரியின் முதலாளி. காலையில் வந்து படுத்தவர். ஊசி போட்ட பத்தாவது நிமிடம் மூச்சுத் திணறி... முடிந்தது கதை.

"இந்த ஊசி அவருக்கு ஆகாதுன்னு நான்தான்க்கா பதிஞ்சேன். சத்தியமா கம்ப்யூட்டர்ல பதிஞ்சேன்." நர்ஸ் விசும்பினாள். வாசலில் போலீஸ் ஜீப்.

அக்கா அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகள் அடங்கிய டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவள். தங்கை பொய் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியவேண்டுமே!

அவர் கையில் ஒரு தாள். அதை நம்பித்தான் டாக்டர் ஊசி போடச் சொன்னார். 'ஒவ்வாமை எதுவும் இல்லை. பதிந்தவர்: நர்ஸ்.' அச்சடித்துக் கொடுத்தது கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். முதலாளியின் மாப்பிள்ளை. பட்டங்களுக்கு இடம் போதாமல் விசிட்டிங் கார்டை மூன்றாக மடித்தவர். மாமனார் அவர் சீட்டைக் கிழிக்கப்போவது ஊரறிந்த ரகசியம்.

அக்கா சர்வரை நேரடியாகத் திறந்தாள். அன்றையப் பதிவுகள் நாற்பது. முப்பத்தொன்பது, கோழி கிளறிய குப்பை. ஒன்று மட்டும் பளிங்குத் தமிழ்... முதலாளியுடையது!

"மத்ததெல்லாம் ஏம்மா இப்படிக் கெடக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சர்வர் எழுத்தை வைக்கிற முறை ஒண்ணு சார். நர்சுங்க தட்டுற சாஃப்ட்வேர் அனுப்புற முறை வேற. அவங்க திரையில சரியாத் தெரியும். நேரா சர்வர்ல பார்த்தா கிறுக்கல்தான்."

"அசிங்கம்," தலைவர் முகம் சுளித்தார்.

"உங்க கம்ப்யூட்டர் எப்படி சார்?" பவ்யமாகக் கேட்டாள்.

தலைவரின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "சர்வரோட நேரடித் தொடர்பு. ரெண்டும் ஒரே முறை. இந்தக் கட்டடத்துல அதை ஒழுங்கா வச்சிருக்கறது நான் ஒருத்தன்தான்."

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலைவர் பக்கம் திரும்பினார்.

அக்கா ஒன்பது மணிக்கு எடுத்த நகலைத் திறந்தாள். அதில் முதலாளியின் வரியும் கிறுக்கல்! நேராக்கினாள். 'இந்த ஊசி ஆகாது.' பத்து மணிக்கு, ஊசிக்குச் சற்று முன், வரி மாறியிருந்தது. தங்கையின் பெயர் மட்டும் அப்படியே. சர்வரின் வருகைக் குறிப்புப்படி அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தவர் ஒரே ஒருவர்... தலைவர்.

தலைவர் கையில் விலங்கு ஏறியது. அக்கா பக்கத்தில் வந்தாள்.

"எல்லாத்தையும் ஒரே முறைக்கு மாத்துங்கன்னு மூணு மாசமா மனு கொடுத்தேன். கமிட்டி போட்டீங்க. அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருந்தா, உங்க வரி மட்டும் தனியாத் தெரிஞ்சிருக்காது. நாளைக்கு மாமனாரோட இரங்கல் கூட்டத்துக்கு நீங்கதானே சார் தலைமை!"