குளிர் அறையில் புதிய கேஸ்

குளிர் அறையின் அபாய மணி அலறியது. ரோசலின் கையிலிருந்த சூரை மீனைப் போட்டுவிட்டு ஓடினாள். மைனஸ் பதினெட்டு காட்ட வேண்டிய மானி மைனஸ் இரண்டில் நின்றது.

உள்ளே பதினோரு படகுகளின் மீன். பூமியைச் சூடாக்கும் பழைய கேஸ் வேண்டாம், புரொபேனில் ஓடும் மெஷின் வாங்குவோம் என்று தீவின் மீனவர் சங்கத்தில் மல்லுக்கட்டியவள் அவள்தான். இன்று மாலை சங்கம் கூடுகிறது. மெஷினைத் தூக்கச் சொன்னால், அதன்பின் அவள் பேச்சு அங்கே எடுபடாது.

போன் போனதும் டெய்ரி ஃபார்ம் என்னும் குடியிருப்பிலிருந்து துப்பறிவாளர் காத்தமுத்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்சீட்டில் உதவியாளர் சௌமியா.

ரோசலினின் தம்பி நெல்சன், ஏ.சி. மெக்கானிக், அதற்குள் ஸ்பேனருடன் நின்றிருந்தான்.

"அரே அக்கா, இந்தக் கேஸ் நம்ம வெக்கைக்குத் தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? இதுக்கு டிடெக்டிவ் வேறயா? மெஷின் கதம்."

"கடைசியா கேஸ் அடைச்சது யாரு தம்பி?" என்றார் காத்தமுத்து.

"நான்தான், சனிக்கிழமை. நானாவே வந்து சர்வீஸ் பண்ணினேன். மெயின்லேண்ட்லேருந்து நானே வாங்கியாந்த கேஸ். மூணு நாள் கப்பல்ல, என் பெர்த்துக்கு அடியில வச்சு, குழந்தை மாதிரி கொண்டாந்தேன்."

"லீக்காத்தான் இருக்கும் சார்," என்றாள் சௌமியா.

"லீக்னா கேஸ் சென்சர் கத்தியிருக்கும். கத்தினது வெப்பமானியோட மணி," என்றார் காத்தமுத்து.

மூலையில் கிடந்த சிவப்புச் சிலிண்டரைச் சாவியால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் வெளிர்பச்சை, பழைய கேஸ் சிலிண்டரின் நிறம்.

"புரொபேன் தீப்பிடிக்கும்மா. பயணிகள் கப்பல்ல ஏத்த விடமாட்டாங்க. சரக்குக் கப்பல்லதான் வரும். பெர்த்துக்கு அடியில வந்தது பழைய கேஸ். புரொபேனை எடுத்துட்டு, அதே எடைக்கு இதை அடைச்சிருக்கார். இது ரெண்டு மடங்குக்கு மேல வேணும். எப்படிக் குளிரும்?"

"அப்போ மெஷின்ல குத்தமில்ல," என்றாள் ரோசலின் மெல்ல.

"இல்ல. மீனும் ஐஸ் போட்டாத் தப்பிச்சுரும். ஆனா சங்கத்துல மெஷின்ல குத்தமில்லைன்னு சொன்னா, யார்மேல குத்தம்னும் கேப்பாங்க."

அந்த அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவளிடம். மற்றதை அவளே தம்பி கையில் கொடுத்திருந்தாள்.

"ஏன்டா?" என்றாள்.

நெல்சன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"பழைய மெஷின் மாசம் ரெண்டு தடவை படுக்கும். நீ கூப்பிடுவ, நான் வருவேன். இது வந்து ரெண்டு வருஷமாச்சு, ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டியாக்கா?"